அரசு யூனிவர்சிட்டியே சட்டமன்றத்துல போய் லாபி பண்ணலாமா?

கேள்வி / பிப்ரவரி 20, 2024

என் பொண்ணு கலிஃபோர்னியாவுல ஒரு அரசு யூனிவர்சிட்டியில படிக்கிறா. ஃபீஸும் கட்டறேன், வரியும் கட்டறேன். அந்தப் பணத்துல மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவுல ஆபீஸ் போட்டு, ஆள் வச்சு, எந்த மசோதா வரணும் எது வரக்கூடாதுன்னு லாபி பண்றாங்களாம். அரசாங்கம் அரசாங்கத்துகிட்டயே போய் வக்காலத்து வாங்கறது என்ன கணக்கு? மொத்தமா தடை பண்ணணும்ங்கறது என் கருத்து. உள்ள இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பிப்ரவரி 20, ராத்திரி

உள்ள இருந்தவன் சொல்றேன். கலிஃபோர்னியா இல்ல, வேற மாநிலம், பேர் வேண்டாம். ஒரு அரசு யூனிவர்சிட்டி பட்ஜெட் ஆபீஸ்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். நீங்க நினைக்கற மாதிரி கோட் சூட் போட்டவன் எம்எல்ஏ கூட விருந்து சாப்பிடறது எல்லாம் இதுல ரொம்ப சின்ன பங்கு. நிஜமான லாபி நடக்கற இடம் எக்ஸெல் ஷீட். நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

பிப்ரவரி 21

சரி. சட்டமன்றத்துல ஒரு மசோதா வந்தா அதால எவ்ளோ செலவு ஆகும்னு ஒரு மதிப்பீடு போடுவாங்க. பல மாநிலத்துல அதுக்கு ஃபிஸ்கல் நோட்னு பேர். அந்த நோட் எழுதற ஆளுக்கு யூனிவர்சிட்டி உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால யூனிவர்சிட்டி கிட்டயே கேப்பாங்க. அந்தக் கேள்வி அங்க இங்க சுத்தி கடைசியில என்னை மாதிரி ஒருத்தன் மெயிலுக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வரும், நாளைக்கு மத்தியானம் பதில் வேணும்பாங்க. மசோதா முப்பது பக்கம் இருக்கும், ராத்திரி உக்காந்து படிக்கணும்.

இதுல பாருங்க, "இந்த மசோதாவை நாங்க எதிர்க்கறோம்"னு யூனிவர்சிட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதே இல்ல. "நல்ல நோக்கம்தான், இதுக்கு இவ்ளோ செலவாகும்"னு ஒரு நம்பர் அனுப்பினா போதும். பட்ஜெட் டைட்டா இருக்கற வருஷம்னா அந்த நம்பரே மசோதாவைக் கொன்னுடும். எதிர்த்தான்னு யார் மேலயும் கெட்ட பேர் வராது.

கலிஃபோர்னியாவுல இது இன்னும் பச்சையா நடக்கும். அங்க செலவைப் பார்க்கற அப்ரோப்ரியேஷன்ஸ் கமிட்டியில சஸ்பென்ஸ் ஃபைல்னு ஒண்ணு உண்டு. 50,000 டாலருக்கு மேல செலவு வைக்கற மசோதா எல்லாம் அதுல போய் விழும். அப்புறம் ஒரே நாள்ல தலைவர் உக்காந்து நூத்துக்கணக்கான மசோதாவை ஏலக்காரன் மாதிரி கடகடன்னு வாசிப்பார், இது பாஸ், இது நிறுத்தம், இது பாஸ். ஏன் நிறுத்தினீங்கன்னா காரணம் சொல்ல மாட்டாங்க. பேர்லயே சஸ்பென்ஸ் இருக்கு, வேற என்ன எதிர்பார்க்கறீங்க.

பிப்ரவரி 21, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல சொன்ன 50,000 அரைகுறை. அது செனட் (மேல்சபை) கமிட்டி கணக்கு, அதுவும் ஜெனரல் ஃபண்டு, அதாவது மாநிலத்தோட பொது நிதியிலேர்ந்து போற செலவுக்கு. அசெம்ப்ளி (கீழ்சபை) கமிட்டிக்கு 1,50,000. ஒரு ஆளுக்கு சம்பளம், பென்ஷன், இன்சூரன்ஸ் எல்லாம் போட்டா ஒரே போஸ்டிங்லயே இந்தக் கோட்டைத் தொட்டுடலாம், அதான் விஷயமே.

பிப்ரவரி 23

என் கதை ஒண்ணு. ஒரு வருஷம் ஒரு மசோதா வந்துச்சு. மாணவன் ரெஜிஸ்டர் பண்ற நேரத்துலயே ஒவ்வொரு கிளாஸுக்கும் டெக்ஸ்ட் புக் விலை எவ்ளோன்னு ஸ்கெடியூல்ல தெரியணும். அவ்ளோதான். யாருக்கும் இதுல ஆட்சேபணை இருக்க முடியாது, நானே மாணவனா இருந்தப்ப புக்கு விலையைப் பார்த்து ஒரு கிளாஸை டிராப் பண்ணியிருக்கேன்.

நான் முதல்ல போட்டது ஒன்றரை ஆள். சிஸ்டம் மாத்த கொஞ்சம் பணம், வருஷா வருஷம் விலையை அப்டேட் பண்ண ஒன்றரை போஸ்டிங். மேனேஜர் பார்த்துட்டு திருப்பி அனுப்பினார். ஏத்த வச்சார்னுதான் சொல்லணும். கடைசியில மூணரை ஆள், புது சாஃப்ட்வேர், ட்ரெய்னிங்னு போய், முதல்ல போட்டதை விட பல மடங்கு பெரிய நம்பரா வெளிய போச்சு. மசோதா கமிட்டியிலயே படுத்துடுச்சு. அன்னிக்கு எங்க ஆபீஸ்ல யாரும் கொண்டாடல, யாரும் வருத்தப்படவும் இல்ல, அடுத்த மசோதா வந்துச்சு, அதைப் பிரிச்சோம்.

அதனால கேள்வி கேட்டவருக்கு என் பதில்: லாபியிஸ்டை தடை பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஷீட்டை என்ன பண்ணுவீங்க?

பிப்ரவரி 24

"ஏற்கனவே தடை இருக்கற மாநிலம் உண்டா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். உண்டு, டெக்சாஸ். சட்டமன்றம் ஒதுக்கின பணத்தை வச்சு மசோதா ஜெயிக்கவோ தோக்கவோ வேலை பார்க்கக்கூடாதுன்னு அங்க அரசு ஏஜென்சிகளுக்கு சட்டமே இருக்கு, யூனிவர்சிட்டியும் அதுல சேர்த்தி. ஆனா தகவல் குடுக்கலாம், கேட்டா பதில் சொல்லலாம்னு அதே சட்டத்துல கதவும் இருக்கு. அதனால அங்க கமிட்டியில சாட்சி சொல்றவங்க ஃபில் பண்ற ஃபார்ம்ல மூணு கட்டம் இருக்கும், ஆதரவு, எதிர்ப்பு, "மசோதா பத்தி". யூனிவர்சிட்டி ஆளுங்க மூணாவதைத்தான் டிக் அடிப்பாங்க. ஆதரவும் இல்ல எதிர்ப்பும் இல்ல, சும்மா "பத்தி" பேச வந்திருக்கோம். அப்புறம் அஞ்சு நிமிஷம் "பத்தி" பேசிட்டு உக்காந்தா ரூம்ல இருக்கற எல்லாருக்கும் மசோதா அவங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு புரிஞ்சுடும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க "வீட்டுக்குப் போய் கலந்து பேசி லெட்டர் போடறோம்"னு சொல்ற மாதிரி. சொல்லாமலே சொல்றது.

(டெக்சாஸ்ல ரெகுலர் செஷன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், ஒற்றைப்படை வருஷத்துல 140 நாள். இந்த வருஷம் கிடையாது. குடுத்து வச்ச பட்ஜெட் ஆபீஸர்ங்க.)

மார்ச் 2

யூசியும் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சிஎஸ்யுவும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஒண்ணுதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லீங்க, இதுலதான் சுவாரஸ்யமே. உங்க பொண்ணு எதுல படிக்கறான்னு சொல்லல.

கலிஃபோர்னியா அரசியலமைப்புல 1879லேர்ந்தே யூசிக்கு தனி அந்தஸ்து உண்டு. சட்டமன்றத்தோட கை அதுகிட்ட ஓரளவுக்குத்தான் நீளும், நிதி பாதுகாப்பு, காண்ட்ராக்ட் டெண்டர் மாதிரி சில விஷயத்துக்கு. மிச்சம் ரீஜென்ட்ஸ்னு ஒரு போர்டு கையில. மிச்சிகன்ல இதே மாதிரி ஏற்பாடு 1850லேர்ந்தே இருக்கு. சிஎஸ்யுவுக்கு அப்படிக் கிடையாது, அது சட்டமன்றம் போட்ட சட்டத்துல நிக்குது. அதனால உயர்கல்வி மசோதா எதையாவது எடுத்துப் படிச்சீங்கன்னா ஒரே வரியில ரெண்டு குரல் கேக்கும். சிஎஸ்யு "செய்யணும்". யூசி செய்யும்படி "கேட்டுக்கொள்ளப்படுகிறது". ஒருத்தனுக்கு சம்மன், இன்னொருத்தனுக்கு கல்யாணப் பத்திரிகை.

பத்திரிகை வந்தா போகாம இருக்க முடியுமா? மொய் எழுதற இடம் அதே சட்டமன்றம்தான். பட்ஜெட் அங்கேர்ந்துதான் வருது. அதனால பல தடவை போயிடறாங்க. 2001ல ஏபி 540ங்கற அசெம்ப்ளி மசோதா வந்தப்ப, கலிஃபோர்னியாவுல ஹைஸ்கூல் படிச்ச, ஆவணம் இல்லாத பசங்களுக்கும் வெளிமாநில ஃபீஸ் கிடையாதுன்னு சிஎஸ்யுவுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் சட்டமாச்சு. யூசி ரீஜென்ட்ஸ் தனியா கூடி அதையே தங்களோட கொள்கையா எடுத்துக்கிட்டாங்க.

இன்னொரு வேடிக்கை. ரீஜென்ட்ஸ் 26 பேர்ல கவர்னர், லெஃப்டினன்ட் கவர்னர், அசெம்ப்ளி ஸ்பீக்கர் எல்லாம் பதவி வழியாவே உறுப்பினர். அதாவது மசோதாவை நடத்தற ஸ்பீக்கரும், கையெழுத்து போடற கவர்னரும் லாபி பண்ற போர்டுலயே உக்காந்திருக்காங்க. அரசாங்கம் அரசாங்கத்துகிட்ட லாபி பண்ணுமான்னு கேட்டீங்களே, ஒரே ஆளே தன்கிட்ட பண்ணிக்கலாம்.

மார்ச் 3

மேல ஒருத்தர் "இவன் யூசிக்கு ஜால்ரா"ன்னு எழுதியிருக்கார், முந்தாநாள் "இவன் யூனிவர்சிட்டி விரோதி"ன்னு இன்னொருத்தர் எழுதினார். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு சொல்லுங்க.

மார்ச் 15

நேத்து தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு, எஸ்பி 118ங்கற செனட் மசோதாவுக்கு ரெண்டு வருஷம். யூனிவர்சிட்டி நினைச்சா சட்டமன்றம் எவ்ளோ வேகமா ஓடும்ங்கறதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

யூசியோட பெர்க்லி கேம்பஸ் மேல அக்கம்பக்கத்து ஜனங்க கேஸ் போட்டாங்க, வீடு இல்ல, சத்தம், நெரிசல், மாணவர் எண்ணிக்கை ஏத்தறதுக்கு முன்னாடி சுற்றுச்சூழல் ஆய்வை ஒழுங்கா பண்ணலன்னு. 2021ல கீழ் கோர்ட் மாணவர் எண்ணிக்கையை 2020-21 அளவுல, 42,347ல, நிறுத்திடுச்சு. 2022 மார்ச் 3 அன்னிக்கு மாநில சுப்ரீம் கோர்ட் தலையிட மாட்டேன்னுடுச்சு. அட்மிஷன் லெட்டர் போக வேண்டிய நேரம், ஊரெல்லாம் அப்பா அம்மா வயித்துல புளி. மார்ச் 14ஆம் தேதி ரெண்டு சபையிலயும் ஒரு எதிர் ஓட்டு கூட இல்லாம, அந்த வரம்பைச் செல்லாததாக்கற மசோதா பாஸ், அன்னிக்கே கவர்னர் கையெழுத்து. பதினொரு நாள்! நான் இருந்த மாநிலத்துல டெக்ஸ்ட் புக் விலை மசோதாவுக்கு கமிட்டி தேதி வாங்கறதுக்கே அதை விட அதிக நாள் ஆச்சு.

இதை லாபியோட சக்தின்னு சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. அந்தப் பதினொரு நாள்ல யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சீட்டுக்குக் காத்திட்டு இருந்த பசங்க ஒவ்வொரு எம்எல்ஏ தொகுதியிலயும் இருந்தாங்க. யூனிவர்சிட்டி பேச்சு எடுபடறது அதுக்கும் ஓட்டுப் போடற குடும்பத்துக்கும் ஒரே வலி இருக்கும்போதுதான். 2019 எஸ்பி 206 எடுத்துக்கோங்க, காலேஜ் விளையாட்டு வீரர் தன் பேரை வச்சு சம்பாதிக்கலாம்னு வந்த சட்டம். யூசி, சிஎஸ்யு, காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ எல்லாம் எதிர்த்தாங்க. கடைசி வாக்கெடுப்புல ரெண்டு சபையிலயும் ஒரு எதிர் ஓட்டு இல்ல. அவ்ளோ பெரிய கூட்டணி, ஒரு ஓட்டைக்கூட இழுக்க முடியல.

மார்ச் 19

புரஃபசர்ங்க பேசலாமான்னு கேட்டவருக்கு. குடிமகனா பேசலாம், யூனிவர்சிட்டி பேர்ல பேசக்கூடாது, இதுதான் பொதுவான கோடு. எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் ஒரு மெயில் வரும், எம்எல்ஏவுக்கு எழுதணும்னா உங்க சொந்த மெயில், சொந்த ஃபோன், சொந்த நேரம். என்கூட இருந்த ஒரு அம்மா இதை அப்படியே பிடிச்சுக்கிட்டு லஞ்ச் டைம்ல பார்க்கிங் லாட்டுக்குப் போய் கார் உள்ள உக்காந்து ஃபோன் பண்ணுவாங்க. ஃபோன்ல அவங்க எதிர்த்த மசோதாவுக்கு பத்து நிமிஷம் கழிச்சு உள்ள வந்து செலவு கணக்கு போடுவாங்க. அவங்க கணக்குல ஒரு ரூபா கூட... டாலர் கூட சாயாது, அதை நான் சத்தியம் பண்ணுவேன்.

அந்தக் கோடு எங்க இருக்குன்னு யூனிவர்சிட்டிக்கே குழம்பின சம்பவம் ஃப்ளோரிடாவுல 2021ல நடந்துச்சு. மாநிலத்தோட புது தேர்தல் சட்டத்தை எதிர்த்து நடந்த கேஸ்ல நிபுணர் சாட்சி சொல்லப் போக யூனிவர்சிட்டி ஆஃப் ஃப்ளோரிடா மூணு பேராசிரியர்களை அனுமதிக்கல. நாங்க மாநிலத்தோட அங்கம், மாநிலத்துக்கு எதிரா நீங்க சாட்சி சொன்னா அது எங்க நலனுக்கு எதிரானதுங்கற வாதம். பெரிய கூச்சல் கிளம்பி, நவம்பர்ல முடிவை வாபஸ் வாங்கினாங்க. இது சட்டம் போட்டதுக்கு அப்புறம் கோர்ட்ல நடந்த கதை, லாபி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா கேள்வி கேட்டவர் முதல் நாள் சொன்னாரே, அரசு யூனிவர்சிட்டின்னா அரசாங்கம்தானேன்னு, அந்த லாஜிக்கை முழுசா நம்பினா இங்கதான் வந்து நிக்கும். தடை பண்ணணும்னு சொல்றவங்க இதையும் யோசிங்க.

ஏப்ரல் 6

பொது வாக்கெடுப்பு பத்தி ஒரு கேள்வி. மசோதாவுக்கு சட்டமன்றத்துல வாதாடலாம், ஆனா ஜனங்க நேரடியா ஓட்டுப் போடற ப்ரொபசிஷன்ல பொதுப்பணத்தை வச்சு பிரச்சாரம் பண்ணக்கூடாது, கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1976லயே சொல்லிடுச்சு. போர்டு கூடி எங்க நிலைப்பாடு இதுன்னு தீர்மானம் போடலாம், அவ்ளோதான். 2020ல யூசி ரீஜென்ட்ஸ் அப்படித்தான் ப்ரொபசிஷன் 209ஐ (அட்மிஷன்ல, அரசு வேலையில இனம், பாலினம் பார்த்து முன்னுரிமை கூடாதுங்கறது) ரத்து பண்ற முயற்சியை ஆதரிச்சாங்க. நவம்பர்ல ஜனங்க கிட்டத்தட்ட 57 சதவீதம் வேண்டாம்னுட்டாங்க.

மே 17

நேத்து சஸ்பென்ஸ் நாள். லைவ் போட்டுப் பார்த்துட்டே இருந்தேன், வேலைக்கு லேட். போன நோய் திரும்ப வந்துடுச்சு.

மே 18

பார்த்துட்டு இருக்கும்போது ஒண்ணு உறுத்துச்சு. பிப்ரவரியில எழுதின டெக்ஸ்ட் புக் கதையில நான் முக்கால்வாசிதான் சொன்னேன்.

அந்த மசோதா செத்து ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை நாங்க "செலவு அற்பம்"னு பதில் குடுத்தோம், பாஸ் ஆச்சு, ஒரு பார்ட் டைம் மாணவன் ஒரு கோடை விடுமுறையில ஸ்ப்ரெட்ஷீட் வச்சு முடிச்சான். இதை நான் பல வருஷம் நண்பர்கள் கிட்ட ஜோக்கா சொல்லியிருக்கேன், மூணரை ஆள் வேலையை ஒரு பையன் முடிச்சான் பாருன்னு. ஆனா ரெண்டாவது மசோதாவுல "கிடைக்கற அளவுக்கு"ன்னு ரெண்டு வார்த்தை சேர்ந்திருந்துச்சு. முதல் மசோதாவுல எல்லா கிளாஸும், எல்லா புக்கும், விலை மாறினா இத்தனை நாளுக்குள்ள திருத்தணும்னு இருந்துச்சு. பாதி புரஃபசர் கிளாஸ் தொடங்கற வாரம் வரைக்கும் என்ன புக்குன்னே சொல்ல மாட்டாங்க, அவங்களைத் துரத்தறதுக்கே ஒரு ஆள் வேணும். அதனால மூணரை பொய் இல்ல. இல்ல, முழுப் பொய் இல்ல.

அந்த ரெண்டு வார்த்தையை மசோதாவுல சேர்க்கச் சொன்னது யார்னு நினைக்கறீங்க? எங்க லாபியிஸ்ட்தான். முதல் தடவையே மசோதா போட்டவரோட ஆபீஸ்ல போய் உக்காந்து இதைப் பேசியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே பசங்களுக்குக் கிடைச்சிருக்கும். லாபியிஸ்டை தடை பண்ணி பிரயோஜனம் இல்லன்னு சொன்னேன், இப்ப ஒரு படி மேல போய், அவர் இருந்ததுதான் நல்லதுன்னு சொல்ல வேண்டியிருக்கு. கேள்வி கேட்டவர் மன்னிக்கணும்.

ஜூன் 1

"மேனேஜர் ஏத்த வச்சார்னு சொன்னீங்களே, ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா அடிச்சு விடறீங்களா"ன்னு ஒரு நண்பர். நியாயமான கேள்வி. என்கிட்ட ஒண்ணும் இல்ல, வேலையை விட்டப்ப லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துட்டேன். ஆனா அரசு யூனிவர்சிட்டி மெயில் எல்லாம் பொது ஆவணம்தானே. என் சொந்த மெயிலையே நான் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ரிக்வெஸ்ட் போட்டுக் கேட்டிருக்கேன். பெண்டாட்டி சிரிக்கிறா.

ஆகஸ்ட் 30

ஏபி 2586 ரெண்டு சபையும் தாண்டிடுச்சு. ஆவணம் இல்லாத மாணவர்களை கேம்பஸ் வேலைக்கு எடுக்கலாம்ங்கற மசோதா. ஜனவரியில ரீஜென்ட்ஸ் இதே விஷயத்தை ஒரு வருஷம் தள்ளி வச்சாங்க, சட்டமன்றம் நாங்க பண்றோம்னு கிளம்பிடுச்சு. இதுல "கேட்டுக்கொள்ளப்படுகிறது" எல்லாம் இல்ல, யூசியும் சேர்த்தி. மத்திய அரசு கேஸ் போடும், ஆராய்ச்சிப் பணம் போகும்ங்கற பயம் யூசி பக்கம். பயம் நியாயமா இல்லையான்னு எனக்கு ரெண்டு மனசா இருக்கு. வேலை கிடைக்காம அல்லாடற பையனை நேர்ல பார்த்திருக்கேன், ஆனா வேலைக்கு எடுத்த கிளார்க் மேல கேஸ் வந்தா அவரோட நிலைமை என்னன்னும் யோசிக்க வேண்டியிருக்கு.

செப்டம்பர் 24

வீட்டோ. அரசு ஊழியர்கள் மேல கிரிமினல், சிவில் கேஸ் வர வாய்ப்பு இருக்கறதால கோர்ட் முதல்ல முடிவு பண்ணட்டும்னு கவர்னர் சொல்லிட்டார். மார்ச் 2 அன்னிக்கு நான் எழுதினதைத் திரும்பப் படிங்க, அவரும் அந்தப் போர்டுல உறுப்பினர்.

அக்டோபர் 5

ரெக்கார்ட்ஸ் வந்துடுச்சு. நாலு மாசம். 61 பக்கம் பிடிஎஃப், அதுல பாதி "நன்றி", "கிடைத்தது" மெயில்.

டெக்ஸ்ட் புக் மசோதா ஷீட் இருக்கு, செல் கமென்ட்டோட. என்னோட முதல் டிராஃப்ட் ஒன்றரை ஆள், அது சரி. மேனேஜர் எழுதினது ஒரே வரி: "ஐடியையும் ரெஜிஸ்ட்ராரையும் கேட்டியா?" அவ்ளோதான், ஏத்துன்னு எங்கயும் இல்ல. ஐடி முக்கால் ஆள்னு பதில் போட்டிருக்காங்க. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் அரை ஆள்னு. மொத்தம் ரெண்டே முக்கால். மூணரை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா, அதுக்குக் கீழ என் பேர்ல ஒரு கமென்ட், ராத்திரி 11:40க்கு: "பின்னாடி கம்மியா போட்டேன்னு யாரும் கேக்கக்கூடாது, ரவுண்டா மூணரை போட்டுடறேன்."